வெள்ளி காசுக் கணக்கும் தசம எண்ணும்: வட பேராக் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

தமிழ்ப்பள்ளியில் தசம எண்ணைச் சொல்லித்தர ஆசிரியர் பெரும்பாலும் முதலில் கையிலெடுப்பது பணத்தை. மூன்று வெள்ளி (ரிங்கிட்) இருபத்தைந்து காசை 3.25 என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால், அதுவரை பிடிபடாமல் திணறிய பிள்ளையும் தலையாட்டிவிடும். கூட்டலும் கழித்தலும் சரியாக வருகின்றன. பயிற்சி நூலில் சரி அடையாளங்கள் நிறைகின்றன. பாடம் முடிந்தது என்று அடுத்த தலைப்புக்குப் போகிறோம்.

அந்தப் பிள்ளை கற்றது தசமத்தைத்தானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பணம் தசமத்துக்குள் நுழைய உதவும் வாசல் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வாசலிலேயே பிள்ளை நின்றுவிடுகிறது என்பதும், நின்றுவிட்டதை நம்முடைய வழக்கமான கேள்வித்தாள்கள் காட்டிக்கொடுப்பதில்லை என்பதும் என் வாதம்.

வாதத்துக்குக் களமாகப் பாகான் செராய் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் வடமேற்கு முனையில், கிரியான் மாவட்டத்தில் இருக்கும் ஊர் இது. கலும்போங், கூலா போன்ற தோட்டங்கள் கரும்பில் தொடங்கி, ரப்பருக்கு மாறி, பிறகு செம்பனைக்கு வந்தன. 1906-இல் நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டமும் அதன் புக்கிட் மேரா நீர்த்தேக்கமும் சுற்றுப்புறத்தை நெல்வயலாக்கின. நிறுப்பதும் அளப்பதும் அன்றாட வாழ்வாக இருந்த மண் இது. தசமக் கல்விக்குத் தேவையான பொருள் இங்கே வகுப்பறைக்கு வெளியில் கொட்டிக் கிடக்கிறது.

2. பின்னங்களுக்குப் பெயர் இருந்த காலம்

ஒன்றுக்குக் கீழான எண்கள் தமிழருக்குப் புதியவை அல்ல. கீழ்வாய் இலக்கம் என்ற பெயரில் அவற்றுக்குத் தனி வாய்பாடே இருந்தது. கால் என்பது நான்கில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பெயரும் குறியும் உண்டு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றை எண்சுவடியிலிருந்து மனப்பாடம் செய்தார்கள். அந்த மனப்பாடம் வெறும் கிளிப்பேச்சு அல்ல, நிலமும் நெல்லும் பொன்னும் அளக்கும் தொழில் வாழ்வுக்கான பயிற்சி அது என்பதைக் கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு தம் ஆய்வுகளில் விரிவாக நிறுவியிருக்கிறார்.

ஆனால் அந்த முறைக்கும் தசமத்துக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. காலை ஐந்தாகப் பிரித்தால் மா. மாவை நான்காகப் பிரித்தால் காணி. காணியை நான்காகப் பிரித்தால் முந்திரி. படிக்குப் படி விதி மாறுவதால் ஒவ்வொரு படிக்கும் பெயர் வேண்டியிருந்தது. தசமத்தில் விதி ஒன்றே: ஓர் இடம் வலப்புறம் நகர்ந்தால் மதிப்பு பத்தில் ஒன்றாகும். அடுத்த இடத்துக்கும் அதே விதி. அதற்கு அடுத்ததற்கும் அதே. ஆகவே பெயர்கள் தேவைப்படவில்லை. இடமே மதிப்பைச் சொல்லிவிடுகிறது. பத்தாம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் எழுதிய அல்-உக்லிதிசி, 1427-இல் சமர்கந்தில் எழுதிய அல்-காஷி, 1585-இல் நெதர்லாந்து வட்டாரத்தில் இம்முறையைப் பரப்பிய சைமன் ஸ்டெவின் ஆகியோர் வெவ்வேறு வழிகளில் கண்டடைந்த எளிமை இதுதான். மாணவர் மனத்தில் ஊன்ற வேண்டியதும் இந்த ஒரே விதிதான். எந்தக் கற்பித்தல் கருவி சிறந்தது என்பதை இந்த உரைகல்லில் உரசித்தான் பார்க்க வேண்டும்.

3. தோட்டத்துக் கணக்கு

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் தாய்நாட்டை முந்திக்கொண்டு தசம நாணயத்தைப் புழங்கினார்கள். இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. இங்கோ வெள்ளிக்கு நூறு காசு. ஆனால் எடைகள் அப்படி இல்லை. பதினாறு தஹில் ஒரு கட்டி, நூறு கட்டி ஒரு பிக்குள் என்றும், தோட்டத்தில் பவுண்டு என்றும் கலந்து கிடந்தன. 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகே மெட்ரிக் முறை படிப்படியாக நிலைபெற்றது.

தொழிலாளியின் வருமானத்தைத் தீர்மானித்த தசமக் கணக்கு வேறோர் இடத்தில் இருந்தது. மரம் வெட்டி எடுத்த ரப்பர் பாலை நிறுத்த பின், அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலக் எனும் மிதவைக் கருவியால் பார்ப்பார்கள். இருபது கிலோ பால், உலர் ரப்பர் 32.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், கணக்கில் ஏறுவது 20 × 0.325, அதாவது 6.5 கிலோ. இந்தப் பெருக்கல் நடந்தது தோட்ட எழுத்தரான கிராணியின் பேரேட்டில். மழைத் தண்ணீர் கலந்தால் விழுக்காடு இறங்கும் என்பது மரம் வெட்டியவருக்குத் தெரியும். இறங்கியது சரியான அளவுதானா என்று சரிபார்க்கும் வழி அவருக்கு இருந்ததில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வகை செய்தது உண்மைதான். அந்தப் பள்ளிகள் தந்த எழுத்தும் எண்ணும் கிராணியின் மேசையை எட்டும் அளவுக்குப் போகவில்லை.

இன்று பேரேடு மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. ஆலைக்குப் போகும் செம்பனைக் குலைகளின் எடை டன்னில், புள்ளியோடு எழுதப்படுகிறது. நெல்லுக்கு ஈரப்பதக் கழிவு விழுக்காட்டில் வருகிறது. 2025-இல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் பிடிக்கப்படுகிறது. சேமநிதியின் வழக்கமுறைக் கணக்குக்கு 2022-இல் 5.35 விழுக்காடும் 2023-இல் 5.5 விழுக்காடும் ஈவு கிடைத்தது. எந்த ஆண்டில் கூடுதல் என்று தயங்காமல் சொல்லத் தெரியாதவர் தம் சம்பளச் சீட்டைப் பிறர் சொல்லக் கேட்டே நம்ப வேண்டியிருக்கும். தசமம் எனக்குத் தேர்வுப் பாடத்துக்கு மேலானதாகத் தெரிவது இதனால்தான்.

4. பிழைகளைப் பற்றி நாம் அறிந்தவை

தசமத்தில் மாணவர் செய்யும் பிழை கவனக்குறைவால் வருவதில்லை. அதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கான சிந்தனை இருக்கிறது. 1980-களில் பிரான்சில் சாக்கூர்-கிரிஸ்வார், லியோனார் ஆகியோரும், இஸ்ரேலில் நெஷர், பெலெட் ஆகியோரும் இதைக் காட்டினார்கள். 1989-இல் லாரன் ரெஸ்னிக் குழுவினர் அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்சு மாணவர்களை ஒப்பிட்டு அதே முடிவுக்கு வந்தனர். பின்னர் மெல்பர்னில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெயின்லியும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்து, இச்சிந்தனைகளை வகைப்படுத்தினர். அவற்றுள் மூன்று நமக்கு முக்கியமானவை.

முதல் வகை, நீண்டது பெரியது என்பது. 2.75-இல் புள்ளிக்குப் பின் எழுபத்தைந்து, 2.8-இல் வெறும் எட்டு, ஆகவே 2.75 பெரிது. முழு எண்ணில் கற்ற பழக்கம் இங்கே தொடர்கிறது.

இரண்டாம் வகை, குறுகியது பெரியது என்பது. பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரிது என்று சரியாகக் கற்ற மாணவர், பத்தின் பங்குகள் எத்தனை வந்தாலும் நூறின் பங்குகளைவிடப் பெரிது என்று முடிவு கட்டிவிடுகிறார். பின்னப் பாடத்தின் அரைகுறை விளைச்சல் இது. முதல் வகை வயது ஏற ஏறக் குறைகிறது. இரண்டாம் வகை இடைநிலைப்பள்ளி வரை நீடிக்கக்கூடியது.

மூன்றாம் வகையை ஆய்வாளர்களே பணச் சிந்தனை என்று குறித்தனர். இம்மாணவர் இரண்டு தசம இடம் வரை எதையும் சரியாக ஒப்பிடுவார். 4.4502, 4.45 ஆகியவற்றில் எது பெரிது என்று கேட்டால் இரண்டும் ஒன்றே என்பார், அல்லது குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்வார். இரண்டுமே அவருக்கு நான்கு வெள்ளி நாற்பத்தைந்து காசு. மிச்சமுள்ள இலக்கங்கள் பொருளற்ற வால்.

இதில் ஆசிரியர் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2.8, 2.75 இரண்டில் பெரியது எது என்று மட்டும் கேட்டால், குறுகியது பெரியது என்று நம்பும் மாணவரும் 2.8 என்றே சொல்வார். விடை சரி, காரணம் பிழை. 2.63, 2.4 என்று இன்னொரு இணையைக் கொடுத்தால்தான் அவர் அகப்படுவார். அதே இணையில் நீண்டது பெரியது என்று நம்புபவர் தப்பித்துவிடுவார். பணச் சிந்தனையாளர் இவ்விரண்டு இணைகளிலும் முழு மதிப்பெண் வாங்குவார். அவரைக் கண்டுகொள்ள மூன்றாவதாக 4.4502, 4.45 என்ற இணை வேண்டும். ஆக, சரியான விடை மட்டுமே புரிதலுக்குச் சான்றாகாது. எந்த இணையைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

5. பணம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது

பணத்துக்குச் சார்பான வாதம் வலுவானது. 1985-இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களை ஆராய்ந்த நூன்ஸ் கராஹெர் குழுவினர், வகுப்பறை வடிவில் தடுமாறிய அதே கணக்கைச் சிறுவர்கள் கடையில் மனக்கணக்காகச் சரியாகச் செய்ததை வெளிப்படுத்தினர். பாகான் செராய் சந்தையில் பெற்றோருக்குத் துணையாக நிற்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். பிள்ளையின் அனுபவத்தைப் புறந்தள்ளிக் கணிதம் கற்பிக்க முடியாது.

ஆனால் கடைக்கணக்கில் வல்லவராவதும் தசமத்தை அறிவதும் ஒன்றல்ல. நார்வே ஆய்வாளர் கார்ட் பிரெக்கே இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்: பணச் சூழலில் மாணவர் சரியாக விடை சொல்வது தசமம் புரிந்ததனால் அல்ல, அங்கே தசமம் தேவைப்படாததனால். 3.25-ஐயும் 1.90-ஐயும் கூட்டும் பிள்ளை, காசைத் தனியாகக் கூட்டி 115 ஆக்கி, நூறு காசை ஒரு வெள்ளியாக மாற்றுகிறது. நடந்தது இரண்டு முழு எண் கூட்டல். புள்ளி, வெள்ளியையும் காசையும் பிரிக்கும் வேலியாக மட்டுமே நின்றது.

மலேசியாவில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத் தொகை ஐந்து காசுக்கு முழுமையாக்கப்படுகிறது. இன்றைய தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒரு காசு நாணயத்தைக் கையில் வைத்துப் பழகியிருக்கவே வழியில்லை. அப்படியானால் 0.01 என்பதைக் காட்ட நம்மிடம் நாணயம் கிடையாது. பத்துக் காசு ஒன்றுதான் தசம இடத்தோடு ஒத்துப்போகிறது. ஐந்து, இருபது, ஐம்பது காசுகள் இருபதில் ஒன்றையும் ஐந்தில் ஒன்றையும் பாதியையும் நினைவூட்டுபவை. பத்துப் பத்தாகப் பிரியும் அந்த ஒரே விதியை நாணயப் பை காட்டுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்களின் நெருக்கத்தைப் பணம் மறைத்துவிடுகிறது. 45 காசுக்கும் 46 காசுக்கும் நடுவில் எதுவும் இல்லை. 0.45-க்கும் 0.46-க்கும் நடுவில் 0.451 இருக்கிறது, 0.4507 இருக்கிறது, எண்ணி மாளாத அளவுக்கு எண்கள் இருக்கின்றன. காசு என்ற பெயரைக் கொடுத்ததும் தசமம் மீண்டும் பெயருள்ள பின்னமாகி, இரண்டாம் இடத்தோடு நின்றுபோகிறது. தேசியக் கலைத்திட்டம் தசமத்தைப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என அறிமுகப்படுத்தி, நான்காம் ஆண்டில் மூன்று தசம இடத்துக்குக் கொண்டுபோகிறது. பணத்தையே ஊன்றுகோலாகப் பிடித்துவந்த பிள்ளை தடுக்கி விழுவது இந்த மூன்றாம் இடத்தில்தான்.

6. நிறுவையா, நீளமா?

பணத்துக்கு மாற்றாக எடையை எடுக்கலாமே என்று தோன்றும். மீன் கடைத் தராசு 0.450 கிலோ என்று காட்டுகிறது. கிலோ 18 ரிங்கிட் என்றால் விலை 8.10. பெருக்கினால் எண் கூட வேண்டும் என்ற நம்பிக்கை மாணவரிடம் ஆழமாக ஊன்றியிருப்பதை 1985-இல் ஃபிஷ்பெயின் குழுவினர் ஆராய்ந்தனர். ஒன்றுக்குக் கீழான எண்ணால் பெருக்கினால் விடை குறையும் என்பதை அந்தத் தராசு கண்ணெதிரே காட்டிவிடுகிறது. எண்ணெய் நிலையமும் அப்படியே. லிட்டர் 2.05 ரிங்கிட் என்று பெட்ரோல் விற்ற ஆண்டுகளில் இருபது வெள்ளிக்குக் கிடைத்தது 9.756 லிட்டர். மூன்றாம் தசம இடம் இங்கே வெறும் வாலாக இல்லாமல் உண்மையான எண்ணெயாக இருக்கிறது.

ஆயினும் எடையிலும் அதே பள்ளம் காத்திருக்கிறது. 0.450 கிலோவை நானூற்று ஐம்பது கிராம் என்று படித்துவிட்டால் மீண்டும் முழு எண். மூன்று கிலோ ஐம்பது கிராமை 3.50 என்று எழுதும் பிழை இப்படி வருவதுதான். கிராம் என்ற சொல் காசு என்ற சொல்லின் வேலையையே செய்கிறது. ஆகவே எடை, பணத்தைவிட ஓர் இடம் கூடுதலாகக் கொண்டுபோகும். விதியைத் தானாகக் காட்டிவிடாது.

விதியைக் காட்ட வல்லது நீளம். ஸ்டேசி, ஹெல்ம், ஆர்ச்சர், காண்டன் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிகளில் வழக்கமான பத்தடிமானக் கட்டைகளையும் குழாய்த் துண்டுகளால் செய்த நீளக் கருவியையும் ஒப்பிட்டது. கட்டைகளில் ஒரு சங்கடம் உண்டு: முழு எண் பாடத்தில் நூறு என்று கற்ற தட்டை, தசமப் பாடத்தில் திடீரெனப் பத்தில் ஒன்றாக மாறிவிடுகிறது. நீளக் குழாயில் அந்தக் குழப்பம் இல்லை. நீண்ட குழாய் ஒன்று. அதில் பத்தில் ஒரு பங்கு சிறு துண்டு. அதிலும் பத்தில் ஒன்று இன்னும் சிறு துண்டு. நீளக் கருவியோடு கற்ற மாணவர்கள் கூடுதல் ஈடுபாட்டோடு விவாதித்தார்கள் என்று ஆய்வு பதிவுசெய்தது. சிறு குழுவில் நடந்த ஆய்வு என்பதால் அதன் மீது பெரும் கோட்டை கட்டக்கூடாது. ஆனால் அதன் தர்க்கம் எளிதில் மறுக்க முடியாதது: நீளத்தை இரண்டு பங்காக, பத்துப் பங்காக, மேலும் பத்துப் பங்காகப் பிரிப்பதைப் பெயரே சொல்லாமல் செய்ய முடியும்.

கிரியான் வட்டாரப் பிள்ளைகளுக்கு இதே கருத்தைப் பெரிய அளவில் காட்டும் பொருள் ஊருக்குள் இருக்கிறது. நீர்ப்பாசன வடிகால் துறை மதகுகளில் நிறுத்தும் நீர்மட்டக் கோல் ஒரு செங்குத்தான எண்கோடு. மீட்டருக்குப் பெரிய எண், அதன் பத்தில் ஒரு பங்குக்குச் சிறிய எண், அதற்கும் உள்ளே மெல்லிய கட்டங்கள். தண்ணீர் 1.3-க்கும் 1.4-க்கும் நடுவில் நிற்கும்போது எவ்வளவு என்று சொல்லக் கட்டாயம் இரண்டாம் இடம் வேண்டும். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நின்றால் மூன்றாம் இடம். தசம இடம் ஏன் தேவைப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் படமும் சொல்லாது.

7. மறுப்புகளும் வரம்புகளும்

மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, பூச்சியம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கும் உத்தியைக் கற்றுக்கொடுத்தால் போதாதா என்பது. 2.8-ஐ 2.80 ஆக்கி 2.75-உடன் ஒப்பிட்டால் விடை தவறாமல் வரும், 4.45-ஐ 4.4500 ஆக்கினாலும் வரும். உத்தி பழுதற்றது. ஆனால் அது ஒப்பிடும் வேலையை முழு எண்ணுக்கு மாற்றித் தருகிறது. இரண்டு எண்களுக்கு நடுவில் இன்னொன்று உண்டா, 0.6-ஆல் பெருக்கினால் விடை கூடுமா குறையுமா என்ற கேள்விகளுக்கு அந்த உத்தியிடம் விடை இல்லை.

இரண்டாவது, சிக்கல் மொழியில் இருக்கிறது என்பது. 2003-இல் கணிதம் ஆங்கிலத்துக்குப் போனது. 2009-இல் அக்கொள்கை கைவிடப்பட்டு, பின்னர் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் அதே கணிதத்தைப் பெரும்பாலும் மலாயில் தொடர்கிறது. இந்த அலைச்சல் சுமைதான். ஆனால் மேலே சொன்ன பிழைகள் பிரெஞ்சு, ஹீப்ரு, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடமும் ஒரே சாயலில் காணப்பட்டவை. கருத்து ஊன்றியிருந்தால் புதிய மொழியில் கலைச்சொல் மட்டும் மாறும். ஊன்றாவிட்டால் எந்த மொழியும் கைகொடுக்காது.

மூன்றாவது, இது தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உரிய குறையா என்பது. இல்லை. எட்டாம் வகுப்பு நிலைக்கான டிம்ஸ் அனைத்துலகக் கணித மதிப்பீட்டில் மலேசியாவின் சராசரி 1999-இல் 519 ஆகவும் 2023-இல் 411 ஆகவும் இருந்தது. இந்தச் சரிவு நாடு தழுவியது. தசமம் ஒன்றே அதற்குக் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்ப்பள்ளியைக் குற்றம் சாட்ட இந்த எண்கள் பயன்படா. நாமே சரிசெய்துகொள்ளக்கூடிய இடம் எது என்று தேட மட்டும் அவை தூண்டுகின்றன.

8. வகுப்பறைக்கு

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு நடைமுறைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, தசமப் பாடம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் மூன்று இணைகளைக் கேட்பது: 2.8-உம் 2.75-உம், 2.63-உம் 2.4-உம், 4.4502-உம் 4.45-உம். ஒவ்வொரு விடைக்கும் காரணத்தைப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். 2021-இல் ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வு நிறுத்தப்பட்டு வகுப்பறை மதிப்பீடு முன்னுக்கு வந்திருக்கும் நிலையில், இதற்கு இடமும் நேரமும் உண்டு.

இரண்டு, முதல் பாடத்தை நீளத்தில் தொடங்குவது. ஒரு மீட்டர் நீளமுள்ள காகிதப் பட்டையைப் பத்தாக மடித்துப் பிரித்து, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்தாகப் பிரிக்கச் செய்யலாம். சென்டிமீட்டர் என்ற பெயரைச் சில பாடங்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும். மேசையின் நீளம் எத்தனை பட்டை என்று கேட்டால், 1.27 பட்டை என்ற விடை பிள்ளையின் கையிலிருந்தே பிறக்கும்.

மூன்று, பணத்தை இரண்டாம் கட்டத்தில் கொண்டுவருவது. எண்கோட்டில் 3.25 எங்கே என்று குறிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வெள்ளியும் காசும் சிறந்த பயிற்சிக் களம். அங்கேயும் 2.05-ஆல் வகுக்கும் எண்ணெய்க் கணக்கைப் போல, மூன்றாம் இடத்தைத் தொடும் கணக்குகள் கலந்திருக்க வேண்டும்.

நான்கு, 3.25-ஐ மூன்று தசமம் இரண்டு ஐந்து என்றே வாசிக்கப் பழக்குவது. இருபத்தைந்து என்று சேர்த்து வாசிப்பது பணத்துக்குப் பொருந்தும், எண்ணுக்குப் பொருந்தாது.

வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்திருப்பது நமக்கு நெடுநாள் கவலை. ஆனால் பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் காரணம் சொல்லக் கேட்க ஆசிரியருக்கு முடியும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் முடியாது. மூன்று இணைகளும் காகிதப் பட்டையும் செலவு வைக்காதவை. மதகுக்கு நடந்தே போய் வரலாம்.

9. முடிவுரை

பணம் தசமத்தின் ஒரு பயன்பாடு. அதையே தசமத்தின் பொருளாக வைத்துக் கற்பிக்கும்போது இரண்டு இடங்களுக்கு அப்பால் பிள்ளைக்கு வழி அடைபடுகிறது. ஆய்வுச் சான்றுகள் இதை ஆதரிக்கின்றன. ஒரு காசு புழங்காத நம் நாணய வழக்கம் இதை மேலும் கூர்மையாக்குகிறது. பத்தில் ஒன்று என்ற விதி ஓயாமல் தொடர்வதை முதலில் நீளத்தால் காட்டி, பிறகு எடைக்கும் பணத்துக்கும் விழுக்காட்டுக்கும் கொண்டுபோவதே முறையான வரிசை.

தோட்டத்தில் பால் நிறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். உலர் ரப்பர் விழுக்காட்டை எதிர்க்கேள்வி கேட்க அன்று வழி இருக்கவில்லை. குலை எடைச் சீட்டையும், நெல் கழிவையும், சேமநிதி ஈவையும் தாமே சரிபார்க்கத் தெரிந்த தலைமுறையை உருவாக்க நம்மால் முடியும். அதற்கான முதல் வேலையாக, அடுத்த தசமப் பாடத்தில் அந்த மூன்று இணைகளையும் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் சொல்லும் காரணங்களைக் குறித்துவையுங்கள். எந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அக்குறிப்புகளே சொல்லும்.